ஓட்டையா, நஞ்சா? திறமூல பேக்கேஜ் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம், திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு, தண்டையார்பேட்டையில் ஒரு உதிரிபாக மொத்தக் கடை. இந்த மாதிரி இடங்களில் கணினி வேலை முழுவதும் ஒரே ஆளின் தலையில்தான் விழும். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்துவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்தக் குறிப்பு அவருக்காக எழுதியது. லாராவெலிலோ நோடிலோ ஜாவாவிலோ யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன செயலி ஒன்று உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதன் அடியில் நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத சில நூறு திறமூல பேக்கேஜ்கள் (யாரோ எழுதி எல்லோருக்கும் பகிர்ந்த தயார் நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறிகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வந்திருப்பது ஓட்டையா, நஞ்சா?

நல்லெண்ணத்தோடு எழுதிய நிரலில் தெரியாமல் விழுந்த தவறு ஓட்டை. அதை வெளியிலிருந்து ஒருவர் கண்டுபிடித்து, அதன் வழியாக நுழைந்தால்தான் சேதம். அதற்குள் நீங்கள் அடைத்துவிட்டால் தப்பித்தீர்கள். பேக்கேஜுக்குள் ஒருவர் வேண்டுமென்றே வைத்த திருட்டு நிரல் நஞ்சு. அதற்கு யாரும் வந்து நுழையத் தேவையில்லை. நீங்கள் நிறுவிய நொடியிலேயே அது வேலையை முடித்திருக்கக்கூடும். ஓட்டைக்கு மருந்து புதுப்பித்தல். நஞ்சுக்குப் புதுப்பித்தல் போதாது. அந்தக் கணினியில் இருந்த எல்லாச் சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் தேவையில்லாத இடத்தில் பதறுகிறார்கள், பதற வேண்டிய இடத்தில் பதிப்பு எண்ணை மட்டும் ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிறார்கள்.

அறிகுறி: தணிக்கைக் கட்டளையை ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு

நோடுக்கு பேக்கேஜ்களை நிறுவும் கருவி என்பிஎம். அதன் ஆடிட் கட்டளையை முதன்முறை ஓட்டுபவருக்கு வயிற்றைக் கலக்கும். ‘மிகக் கடுமை’, ‘கடுமை’ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதன் கீழேயே ‘ஆடிட் ஃபிக்ஸ் ஃபோர்ஸ்’ என்று ஒரு வழியும் சொல்லியிருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஃபோர்ஸ் என்று கொடுத்தால் பேக்கேஜின் பெரிய பதிப்பு எண்ணையே அது மாற்றிவிடும். பழைய நிரல் புதிய பதிப்போடு ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற சாயங்காலத்தில் கேட் பாஸ் அச்சாகவில்லை என்றால், பாதுகாப்புக்காகத்தான் செய்தேன் என்ற விளக்கத்தை ஓட்டுநர்கள் யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில், உருவாக்கக் கருவிகளை விலக்கிவிட்டு ஆடிட்டை மறுபடி ஓட்டுங்கள். ‘ஒமிட் டெவ்’ என்ற தெரிவு அதற்குத்தான். சோதனைக் கருவி, வடிவமைப்புக் கருவி போன்றவை சர்வருக்குப் போவதில்லை என்பதால் அவற்றில் உள்ள ஓட்டைகள் பெரும்பாலும் காத்திருக்கலாம். ஓட்டைகள் என்றுதான் சொன்னேன். நஞ்சு விஷயத்தில் கதை தலைகீழ்: உருவாக்கக் கருவி ஓடுவது உங்கள் சொந்தக் கணினியில், உங்கள் சாவிகளுக்குப் பக்கத்தில்.

மிஞ்சியவற்றில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் என்பிஎம் எக்ஸ்ப்ளெயின் கொடுத்துப் பாருங்கள். அதை யார் கூட்டிவந்தார்கள் என்று சங்கிலி தெரியும். நீங்களே நேரடியாகச் சேர்த்தது என்றால் பதிப்பை ஏற்றுங்கள். வேறொரு பேக்கேஜின் தோளில் ஏறி வந்தது என்றால் முதலில் அந்தத் தாய் பேக்கேஜைப் புதுப்பித்துப் பாருங்கள். தாய் அசையவில்லை என்றால் பேக்கேஜ் கோப்பில் ‘ஓவர்ரைட்ஸ்’ (overrides) பகுதியில் திருத்தப்பட்ட பதிப்பைக் கட்டாயப்படுத்தலாம். கட்டாயப்படுத்தினால் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

பிறகு அறிவிப்பைப் படியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்தால் போதாது. எந்தச் சூழ்நிலையில் அந்த ஓட்டை திறக்கும் என்று சொல்லும் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். வெளியாள் அனுப்பும் எழுத்துகளைப் படிக்கும்போது ரெகுலர் எக்ஸ்பிரஷன் திணறும் என்று இருக்கும். உங்கள் செயலியோ அந்த பேக்கேஜிடம் உங்கள் சொந்த அமைவுக் கோப்பை மட்டும்தான் கொடுக்கும். அப்படியானால் அது அடுத்த மாத வேலை. கோப்பைப் பதிவேற்றும் இடத்திலோ, உள்நுழைவுப் பக்கத்திலோ அந்த பேக்கேஜ் இருந்தால் இன்றைய வேலை.

எதை முதலில் தொடுவது என்று குழம்பினால் சிவிஎஸ்எஸ் என்ற, 10-க்குத் தரும் கடுமை மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டை வழியாக நுழைவது எவ்வளவு எளிது, நுழைந்தால் எவ்வளவு சேதம் ஆகக்கூடும் என்பதைத்தான் அது சொல்கிறது. யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்று சொல்வதில்லை. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து, உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. உங்கள் ஓட்டையின் சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரும் அடையாள எண்) அதில் இருந்தால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அதைப் பாருங்கள். என் கணக்கில், அந்தப் பட்டியலில் இருக்கும் 7.5, பட்டியலில் இல்லாத 9.8-ஐவிட அவசரம்.

பிஎச்பி என்றால் கம்போசர் ஆடிட், பைத்தான் என்றால் பிப்-ஆடிட். பல மொழிகள் கலந்த செயலி என்றால் கூகுள் வெளியிட்ட ஓஎஸ்வி-ஸ்கேனர். படிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

அறிகுறி: வெப் சர்வர் பதிவேட்டில் விசித்திரமான வரிகள்

பிஎச்பி ஓடும் சர்வரின் பதிவேட்டை (log) திறந்தால் வெண்டார் கோப்புறைக்குள் பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவி, அதற்குள் ‘ஈவால்-எஸ்டிடின்’ (eval-stdin.php) என்று முடியும் முகவரியை யாரோ தட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். இது சிவிஇ-2017-9841. 2017-ஆம் ஆண்டின் ஓட்டையை இன்றைக்கும் தட்டுகிறார்கள் என்றால், திறந்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள் என்று பொருள். இணையத்தில் இருக்கும் எல்லாச் சர்வர்களையும் தானியங்கிக் கருவிகள் வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. உங்களைக் குறிவைத்து வந்த எதிரி என்று நினைக்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது பதிலெண். 404 என்றால் கதவு இல்லை, திரும்பிப் போய்விட்டான். 200 என்றால் உட்கார்ந்து பாருங்கள். அது உங்கள் முகப்புப் பக்கத்தையே எல்லா முகவரிகளுக்கும் திருப்பி அனுப்பும் அமைவா, அல்லது அந்தக் கோப்பு நிஜமாகவே அங்கே இருக்கிறதா? கோப்பு இருந்து, பிஎச்பியூனிட் 4.8.28-க்கும், 5 வரிசையில் 5.6.3-க்கும் முந்தைய பதிப்பு என்றால், கீழே சிபியு பகுதிக்குப் போங்கள். நுழைந்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பதிப்பு புதியதாக இருந்தாலும் வெண்டார் கோப்புறை வெளியிலிருந்து தெரிகிறது என்பதே தவறு. லாராவெலில் சர்வரின் வேர் ‘பப்ளிக்’ கோப்புறையைத்தான் காட்ட வேண்டும். யாரோ அவசரத்தில் முழுச் செயலியையும் வேரில் கொட்டியிருந்தால், கடவுச்சொற்கள் இருக்கும் ‘.என்வி’ கோப்பும் உலவியில் திறக்கும். இந்த ஒரு அமைவுத் தவறு, நான் பார்த்த சின்ன அலுவலகங்களில், எந்த சிவிஇ எண்ணையும்விட அதிகச் சேதம் செய்யக்கூடியதாக இருந்திருக்கிறது.

இன்னொரு வகை வரி: டாலர் குறி, நெளி அடைப்பு, அதற்குள் ‘ஜேஎன்டிஐ’ (jndi). இது, ஜாவா செயலிகள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே பேக்கேஜின் ஓட்டையைத் தேடுபவர்கள் விட்டுச்செல்லும் தடம். சிவிஇ-2021-44228, 2021 டிசம்பரில் வெளிவந்தது, மதிப்பெண் 10-க்கு 10. பதிவேட்டில் எழுதும் ஒரு வரியை அந்த பேக்கேஜ் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளிச் சர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்டிவிடும். உங்கள் பதிவேட்டில் வரி இருப்பதால் மட்டும் நுழைந்துவிட்டார்கள் என்று ஆகாது. பிஎச்பி மட்டும் ஓடும் சர்வரில் அதற்கு வேலையே இல்லை. ஜாவா இருந்தால் லாக்4ஜே-கோர் கோப்பைத் தேடுங்கள். பெயரை வைத்து மட்டும் தேடினால் தப்பிவிடும். ஒரு ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜாராக அது ஒளிந்திருப்பது வழக்கம். உள்ளே புகுந்து பார்க்கும் ஸ்கேனர்தான் வேண்டும்.

இதில் முதல் திருத்தத்தோடு நின்றவர்கள் ஏமாந்தார்கள். 2.15.0 முழுமையாக அடைக்கவில்லை, 2.16.0, 2.17.0, கடைசியில் 2.17.1 என்று தொடர்ந்து வந்தன. ‘எங்களிடம் 1 வரிசை, அதனால் பிரச்சினை இல்லை’ என்பவர்களும் உண்டு. இந்த ஓட்டை அதில் இல்லை என்பது சரி. ஆனால் 1 வரிசைக்கு 2015 ஆகஸ்டிலேயே பராமரிப்பு நின்றுவிட்டது, அதற்கென்று வேறு ஓட்டைகள் இருக்கின்றன.

அறிகுறி: ஆளில்லாத நேரத்தில் சிபியு 100 சதவீதம்

பெரும்பாலும் யாரோ உங்கள் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள். உடனே ரீபூட் செய்யாதீர்கள். நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் எழுதி வைத்திருந்தால் அது சில நிமிடத்தில் திரும்பியும் வந்துவிடும். முதல் வேலை, ஃபயர்வாலில் உங்கள் ஒரே முகவரியை விட்டுவிட்டு உள்ளே வருவது, வெளியே போவது எல்லாவற்றையும் அடைப்பது.

அடுத்து ‘டாப்’ கட்டளையில் பெயரையும் பயனரையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘கின்சிங்’ (kinsing), ‘கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ’ (kdevtmpfsi) என்ற பெயர்கள் பல ஆண்டுகளாகப் பழக்கமானவை. இரண்டாவதில் ஒரு தந்திரம் இருக்கிறது: லினக்ஸ் கெர்னலிலேயே கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒன்று நியாயமாக ஓடும், கடைசியில் ஒரு ‘ஐ’ சேர்த்தால் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ப்ராக் கோப்புறையில் அந்த ஓட்டத்தின் (process) எண்ணுக்குள் ‘எக்ஸி’ என்ற இணைப்பைப் பாருங்கள். அது டிஎம்பி, வார்-டிஎம்பி, டெவ்-எஸ்எச்எம் போன்ற இடங்களைக் காட்டினாலோ, ‘நீக்கப்பட்டது’ என்று சொன்னாலோ சந்தேகமே வேண்டாம்.

பயனர் பெயர்தான் நுழைவாயிலைக் காட்டும். வெப் சர்வரின் பயனர் என்றால் செயலியில் இருந்த ஓட்டை வழியாக வந்திருக்கிறார்கள். ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் பயனர் என்றால் பேக்கேஜைக் குறை சொல்ல வேண்டாம். கடவுச்சொல் இல்லாமல் ரெடிஸை இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பீர்கள். நிரலை நிறுவும் பயனரின் பெயரில், நிறுவிய அதே நேரத்தில் தொடங்கியிருந்தால் நஞ்சு. 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் பேக்கேஜின் 0.7.29, 0.8.0, 1.0.0 பதிப்புகளில் நடந்தது இதுதான்: உரிமையாளரின் கணக்கைப் பிடித்து, தோண்டும் நிரலைச் சேர்த்து வெளியிட்டிருந்தார்கள்.

நோடில் ரியாக்ட் 19-இன் சர்வர் பகுதியைப் பயன்படுத்தும் செயலி என்றால், அதுவும் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்றால், சிவிஇ-2025-55182-ஐ முதலில் சந்தேகியுங்கள். 2025 டிசம்பர் 3-இல் அறிவித்தார்கள். கடவுச்சொல் எதுவும் இல்லாமல் ஒரே கோரிக்கையில் நிரலை ஓட்டவைக்கும் ஓட்டை, இதற்கும் 10. இங்கேயும் முதல் திருத்தத்துக்குப் பின் அதே பகுதியில் வேறு ஓட்டைகள் கண்டுபிடித்தார்கள். முதல் அறிவிப்பில் இருந்த எண்ணோடு நிற்காமல் உங்கள் வரிசையின் கடைசிப் பதிப்புக்குப் போங்கள்.

ஓட்டத்தைக் கொன்றுவிட்டு, க்ரான் வரிகளை அழித்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்ல ஆசையாக இருக்கும். சிஸ்டம்டி சேவைகளிலும், எஸ்எஸ்எச் அனுமதிச் சாவிக் கோப்பிலும், எல்டி-எஸ்ஓ-ப்ரீலோட் கோப்பிலும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலும்கூட, எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற உறுதி கிடைக்காது. புதிய சர்வரை எழுப்புங்கள். நிரலைக் கிட் (git) களஞ்சியத்திலிருந்தும் தரவைக் காப்பு நகலிலிருந்தும் கொண்டுவாருங்கள். பழைய சர்வரிலிருந்து இயங்கும் கோப்பு எதையும் தூக்கி வராதீர்கள். தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல், பணம் செலுத்தும் சேவையின் சாவி எல்லாவற்றையும் மாற்றுங்கள். டிஜிட்டல் கையொப்பச் சான்றின் அந்தரங்கச் சாவியை யாராவது கோப்பாகச் சர்வரில் வைத்திருந்தால், அதை வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டும்.

“வேலைதான் நடக்கிறதே தம்பி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்பார் முதலாளி. அவருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா பேக்கேஜின் ஓட்டைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வந்தது; ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் அதைத் தவறவிட்டது, மே மாதத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் அதன் வழியாகப் போயின. இரண்டாவது, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, இப்படி ஒரு நுழைவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். சின்ன நிறுவனம் என்று விலக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைவரை அந்த 6 மணி நேரம் நீளாது.

அறிகுறி: புதுப்பித்துவிட்டேன், ஸ்கேனர் இன்னும் பழைய பதிப்பு என்கிறது

வெளிநாட்டுக் கப்பல் நிறுவனம் ஒன்று தன் ஏஜென்டுகளுக்கெல்லாம் ஆண்டுக்கொருமுறை பாதுகாப்பு அறிக்கை அனுப்பும். அதில் ‘ஓபன்எஸ்எஸ்எச் 8.9, சிவிஇ-2024-6387, உடனே 9.8-க்கு மாற்றவும்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். உங்கள் உபுண்டு 22.04-இல் புதுப்பிக்கும் கருவியான ஆப்ட் கொடுத்தால் புதுப்பிக்க எதுவும் இல்லை என்று வரும். இரண்டில் எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. உபுண்டு, டெபியன், ரெட்ஹாட் போன்றவை நிலையான வெளியீட்டில் பதிப்பு எண்ணை உயர்த்தாமல், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் கொண்டுவந்து ஒட்டுகின்றன. ஸ்கேனரோ சர்வர் வாசலில் சொல்லும் 8.9 என்ற எண்ணை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மூலத்திலிருந்து 9.8-ஐ நீங்களே கட்டி நிறுவ வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த திருத்தம் தானாக வராது, அன்றிலிருந்து அது உங்கள் சுமை. ஆப்ட் சேஞ்ச்லாக் கட்டளையில் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர் பேக்கேஜின் மாற்றக் குறிப்பைத் திறந்து, அந்த சிவிஇ எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அந்த வரியையும், நிறுவியிருக்கும் முழுப் பதிப்பு எண்ணையும் ஒட்டிப் பதில் அனுப்புங்கள். ஒழுங்கான தணிக்கையாளர் அதை ஏற்றுக்கொள்வார்.

மாற்றக் குறிப்பில் இல்லை என்றால் வெளியீட்டின் வயதைப் பாருங்கள். உபுண்டு 18.04-க்கு 2023 மே மாதத்திலும், 20.04-க்கு 2025 மே மாதத்திலும் இலவசப் பராமரிப்பு முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30. முடிந்த வெளியீட்டில் ஆப்ட் ‘எல்லாம் சரி’ என்று சொல்வதற்கு, புதிதாக எதுவும் வருவதே இல்லை என்பதுதான் காரணம்.

இன்னும் இரண்டு இடங்களில் பழையது ஒளிந்திருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகத்தைப் புதுப்பித்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழையதையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். நீட்ரீஸ்டார்ட் கருவி எதையெதை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லும். டாக்கர் பயன்படுத்தினால், வெளியே ஆப்ட் ஓட்டியதால் உள்ளே எதுவும் மாறாது. டாக்கர் பிம்பத்துக்குள் (image) அதன் சொந்த நகல் இருக்கிறது. பிம்பத்தைப் புதிய அடித்தளத்தில் மறுபடி கட்ட வேண்டும்.

அறிகுறி: ‘இந்தப் பதிப்பில் நஞ்சு’ என்று செய்தி வருகிறது, அல்லது கிட்ஹப் கணக்கில் நீங்கள் உருவாக்காத களஞ்சியம்

2025 செப்டம்பர் 8-இல் சாக் (chalk), டீபக் (debug) உள்ளிட்ட என்பிஎம் பேக்கேஜ்களில் நஞ்சு வைத்தார்கள். பராமரிப்பவருக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பிக் கணக்கைப் பிடித்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பதிப்புகள் சுமார் இரண்டு மணி நேரம்தான் இருந்தன. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நேரத்துக்குள் உங்கள் கணினிகளில் எதிலாவது புதிதாக நிறுவினீர்களா என்பதுதான். நிறுவிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பில் சாக் 5.6.1, டீபக் 4.4.2 இருக்கிறதா என்று தேடுங்கள். கிட் வரலாற்றிலும் தேடுங்கள், வந்துவிட்டுப் போயிருக்கலாம்.

லாக் கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. லாக் கோப்பு இருந்து, சர்வரில் என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ கொடுத்தால், யார்டு வாசலில் கன்டெய்னரின் சீல் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுவதுபோல ஒவ்வொரு பேக்கேஜின் கைரேகையையும் அது ஒப்பிடும், பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும்.

அதே மாதம் ஷாய்-ஹுலூத் என்ற புழு பரவியது. நிறுவும்போதே ஓடி, கணினியில் இருக்கும் என்பிஎம், கிட்ஹப், கிளவுட் சாவிகளைத் தேடி எடுத்து, பாதிக்கப்பட்டவரின் கணக்கிலேயே பொதுக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி அதில் போட்டது. கிடைத்த என்பிஎம் சாவியை வைத்து அவருடைய மற்ற பேக்கேஜ்களிலும் தன்னைச் சேர்த்துக்கொண்டது. நவம்பரில் வந்த இரண்டாம் அலையில், திருடவோ பரவவோ வழி கிடைக்காவிட்டால் ஹோம் கோப்புறையை அழிக்கும் வேலையும் இருந்தது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அணைத்துவிடுங்கள். பிறகு சுத்தமான வேறொரு கணினியிலிருந்து சாவிகளை ரத்து செய்து புதிதாக உருவாக்குங்கள். பாதிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்துகொண்டே கடவுச்சொல்லை மாற்றுவது, புதிய கடவுச்சொல்லையும் கையோடு கொடுப்பதற்குச் சமம்.

இனிமேலுக்கு: நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளை ‘இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்’ அமைவில் நிறுத்துங்கள். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 10 அவற்றை இயல்பாகவே நிறுத்துகிறது; வெளியாகிச் சில நாட்கள் ஆகாத பதிப்பைத் தொடாதே என்று சொல்லும் வசதியும் அதில் இருக்கிறது. திருத்தங்களை உடனே போடு என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தெரியும். பாதுகாப்பு அறிவிப்பு வந்த ஓட்டைக்கு விலக்குக் கொடுத்து உடனே போடுங்கள். காரணமில்லாமல் வரும் புதுப் பதிப்புகள் காத்திருக்கட்டும்.

சில சின்ன அறிகுறிகள்

திரையில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் குப்பை எழுத்துகளும் முடிவில்லாமல் ஓடினால், அது 2022 ஜனவரியில் கலர்ஸ் பேக்கேஜை எழுதியவரே வேண்டுமென்று உடைத்த பதிப்பு. 1.4.0-க்கு இறங்கி அங்கேயே பூட்டிவையுங்கள். சாவி எதுவும் போகவில்லை.

எஸ்எஸ்எச் உள்நுழைவு மெதுவாக இருந்தால் பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறுதான். 2024 மார்ச் மாதத்தில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அப்படி அரை நொடி தாமதத்தைத் துரத்திக்கொண்டு போய்த்தான் எக்ஸ்இசட் (xz) என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்கதவைக் கண்டுபிடித்தார் என்பது உண்மை. ஆனால் அது டெபியன் சோதனைக் கிளை, ஃபெடோரா முன்னோட்டம் போன்றவற்றோடு பிடிபட்டுவிட்டது. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகாலப் பராமரிப்பு) வெளியீடுகளுக்கு வரவில்லை. எக்ஸ்இசட் பதிப்பைப் பார்த்துவிட்டு டிஎன்எஸ்ஸுக்குத் திரும்புங்கள்.

தேடியபோது கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டி நிறுவிய பிறகு பேக்கேஜ் பெயரில் ஓர் எழுத்தோ ஒரு கோடோ மாறியிருப்பதைக் கண்டால், அது நஞ்சு என்றே நடத்துங்கள். 2017-இல் கிராஸ்-என்வி என்ற பேக்கேஜுக்குப் பக்கத்தில் நடுக்கோடு இல்லாத கிராஸ்என்வி ஒன்று உட்கார்ந்து, சூழல் மாறிகளைத் திருடியது. செயற்கை அறிவுக் கருவிகள் இல்லாத பேக்கேஜ் பெயரையும் தயங்காமல் சொல்கின்றன. நிறுவுவதற்கு முன் அதன் பக்கத்தைத் திறந்து எத்தனை வயது, எங்கே மூலநிரல் என்று பாருங்கள்.

அறிகுறி: ஓட்டை இருக்கிறது, திருத்தம் இல்லை

பேக்கேஜை எழுதியவர் கைவிட்டுவிட்டார். கேட்டால் பதில் இல்லை. அவர்மேல் கோபப்படுவதில் நியாயம் இல்லை. சம்பளம் வாங்காமல் எழுதியவர் அவர், அதை வைத்துச் சம்பாதிப்பவர்கள் நாம். முதலில் அந்த வசதி தேவையா என்று பாருங்கள். யார்டு செயலி ஒன்றில் படத்தைச் சுருக்கும் பேக்கேஜ் இருக்கும், படம் பதிவேற்றும் பக்கத்தை யாரும் பயன்படுத்தியே இருக்க மாட்டார்கள். தூக்கிவிடுங்கள். தேவை என்றால், யாராவது திருத்தி வைத்திருக்கும் கிளைப் பதிப்பு இருக்கிறதா, மாற்று பேக்கேஜ் இருக்கிறதா என்று தேடுங்கள். கிளைப் பதிப்பை எடுக்கும்போது மாற்றங்களை வரிவரியாகப் படியுங்கள். ஓட்டையை அடைக்கப் போய் நஞ்சை வாங்கி வந்துவிடக் கூடாது.

எதுவும் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தை வெளி உலகிலிருந்து மறைத்து, அலுவலக விபிஎன் வழியாக மட்டும் திறக்கும்படி என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரில் அமையுங்கள். அந்த அமைவு வரிக்கு மேலேயே சிவிஇ எண்ணையும் தேதியையும் குறிப்பாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு அடுத்து வருபவர், மணலி கிளையில் பக்கம் திறக்கவில்லை என்று யாராவது தொலைபேசியில் சொன்னதும், காரணம் தெரியாமல் அந்த வரியை அழித்துவிடுவார்.